நீலத் தீ, நல்ல தண்ணீர்

கம்பெனிக்காரர்கள் வயலில் ஆழக் குழாய் இறக்கிப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்த அளவுக்கு இங்கே எரிவாயு இல்லை என்று சொல்லி, குழியின் வாயை சிமெண்ட் வைத்து அடைத்து, இரும்புக் கோபுரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன அதே ஐப்பசியில், ஓடையக்குடி மேலத்தெருவில் இட்லி அவித்து விற்கும் தையல்நாயகியின் வீடு, விதைநெல் முளைவிடுவதைப் போல ஓசையே இல்லாமல், நான்கு விரற்கடை தரையை விட்டு மேலே எழும்பியது.

வாசல் தெளித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெளித்த தண்ணீர் எப்போதும் போலத் தெருப்பக்கம் ஓடாமல் வீட்டுக்கு அடியில் புகுந்தது. அவள் வாளியோடு கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் அந்தப் பக்கமாக வெளியே வந்து வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு கோழிக்குஞ்சும், தனக்கு இது பழக்கமான வழி என்பதைப் போல, நடந்து வந்தது.

அடுத்த வீட்டிலிருந்து அவளுடைய நாத்தனார் அமிர்தவல்லி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, வீடு ஒசந்திருக்கா, இல்ல நான் கூனிப்போயிட்டேனா?"

"வீடுதான் ஒசந்திருக்கு. நீ எப்பவும் போலத்தான் இருக்க."

"அதுவும் சரிதான். குறுகிக்கிட்டே போறேன்னு எங்க வீட்டுக்காரரு நேத்துதான் சொன்னாரு. பயந்துட்டேன்."

தகவல் தெரிந்து வந்த பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் கன்னம் பதியக் குனிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிவதை நன்றாகப் பார்த்துவிட்டு எழுந்தார். "இடம் மாறல, கொஞ்சம் மேல இருக்கு, அவ்வளவுதான். பட்டா மேலயும் செல்லும், கீழயும் செல்லும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. வாசலில் ஒரு படிக்கல் கூடுதலாகப் போட்டார்கள். காற்றடித்தால் வீடு நகர்ந்துவிடக் கூடாது என்று நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தென்னைகளோடு பிணைத்தார்கள். மாட்டைக் கட்டத் தெரிந்த ஊருக்கு வீட்டைக் கட்டுவது கஷ்டமாக இல்லை.

கம்பெனியிலிருந்து ஜெயசீலன் என்ற எஞ்சினீயர் வந்தார். மஞ்சள் தொப்பி போட்ட, சீக்கிரம் வியர்க்கிற, பொய் சொல்லத் தெரியாத இளைஞர். அவர் கையிலிருந்த சின்னப் பெட்டியை வீட்டுக்கு அடியில் நீட்டியதும் அது பசித்த குழந்தை மாதிரி அலறியது.

"கேஸ்மா. ஆழத்துல இருக்கிற வெடிப்பு வழியா வந்து உங்க வீட்டுக்கு அடியில சேர்ந்து நிக்குது. காத்தைவிட லேசு. அதான் தூக்குது."

"நாத்தமே இல்லையே தம்பி?"

"இதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிலிண்டர்ல வர்ற நாத்தம் மனுஷங்க கலக்கறது. கசிஞ்சா தெரியணுமில்ல."

"அப்ப இது பக்கத்துலயே வந்து நின்னாலும் நமக்குத் தெரியாது."

"தெரியாது. அதனாலதான் சொல்றேன், வீட்டைக் காலி பண்ணுங்க."

தையல்நாயகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்தது. அது நின்று முடிகிறவரை ஜெயசீலன் காத்திருந்தார். நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் கண் அடுக்களைச் சுவரில் படிந்திருந்த கரியையும், கூரையிலிருந்து நூல் நூலாய்த் தொங்கிய ஒட்டடையையும், ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த சீமைக்கருவேல விறகையும் பார்த்துவிட்டது. வீட்டுச் சமையலுக்குச் சிலிண்டர் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இட்லி அவிக்கிற அவள் கொப்பரைகளுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. புருஷன் போன நாளிலிருந்து அந்த விறகுப் புகையில்தான் அவள் பிழைத்தாள். இன்னொரு மழைக்காலம் இந்தப் புகையில் உட்கார்ந்தால் நுரையீரல் தாங்காது என்று நெஞ்சு டாக்டர் சொல்லியிருந்தார். உட்காராவிட்டால் வயிறு தாங்காது என்று அவள் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஏன் தம்பி, இதையே அடுப்புல எரிச்சா என்ன ஆகும்?"

பொய் சொல்லத் தெரியாதவர் சொன்னார். "புகை இருக்காதும்மா. சாம்பல், கரி, ஒண்ணும் இருக்காது. விறகு, நிலக்கரி எல்லாத்தையும்விடச் சுத்தமான தீ இதுதான்." சொன்ன பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நான் சொன்னேன்னு செஞ்சுடாதீங்க."

அவர் ஜீப் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவள் கொல்லரை வரவழைத்துவிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு திருகு வால்வு. திரியைக் காட்டியதும் சங்குப்பூவின் நீலத்தில் ஒரு தீ, ஆடாமல், பேசாமல், எழுந்து நின்றது. கொப்பரை கொதித்தது. துணி விரித்து மாவு ஊற்றி மூடினாள். இட்லி வெந்தது. வீடு மெள்ளத் தரைக்கு இறங்கி, அடுப்பை அணைத்ததும் மறுபடி எழும்பியது.

கார்த்திகை பாதியில் அவளுக்கு இருமல் நின்றது. அது நின்ற காலையில், ஏதோ ஒன்று வீட்டில் குறைகிறதே என்று தையல்நாயகி பாத்திரங்களை எண்ணிப் பார்த்தாள், கோழிகளை எண்ணிப் பார்த்தாள், பிறகு மரத்தடியில் போய் நின்று, மூச்சு உள்ளே போய் அடிவயிறுவரை இறங்கி, யாரும் தடுக்காமல் வெளியே வருவதை, வேறு யாருக்கோ நடப்பதைப் போல வேடிக்கை பார்த்தாள்.

அதற்குள் வாயு அண்டை வீட்டுக்கும், அதன் அண்டை வீட்டுக்கும், ரகசியம் பரவுவது போல மண்ணுக்குள்ளேயே பரவி, மேலத்தெரு முழுவதையும் தூக்கிவிட்டிருந்தது. சில வீடு ஒரு முழம், சில வீடு ஒரு சாண். பெண் பார்க்க வருகிறவர்கள், நகையைக் கேட்பதற்கு முன்னால் வீடு எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். அடைமழை பெய்து வெள்ளம் வந்தபோது, கீழத்தெருக்காரர்கள் நெல்மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்க, மேலத்தெருக்காரர்கள் வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தங்கள் வீட்டுக்கு அடியில் வெள்ளமும் வெள்ளத்தோடு பாம்பும் பாம்போடு யாருடையதோ ஒற்றைச் செருப்பும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்நாயகியைப் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குக் குழாய் இறக்கிக்கொண்டார்கள். ஆனால் எரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அடுப்பை அணைத்து வைத்தால் வீடு மேலே போயிற்று, எரித்தால்தான் இறங்கிற்று. வெறும் அடுப்பை எரியவிடுவது வீட்டுக்கு ஆகாது என்பதால் எந்நேரமும் அதன் மேல் ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கொழுக்கட்டை செய்தார்கள், கொள்ளு வேகவைத்தார்கள், யாருக்கும் வேண்டாத வெந்நீரைக் காயவைத்து ஆறவைத்தார்கள். ஆண்கள் கிண்டக் கற்றுக்கொண்டார்கள். போகிற பஸ்ஸை நிறுத்தி, "வீடு ஏறிக்கிட்டே போவுது, எறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினார்கள். டிரைவர்கள் கெஞ்சலுக்குப் பழகி, மேலத்தெருவில் பஸ் நிற்கும் நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொண்டார்கள்.

சில்லறைக் குறைகள் இருந்தன. பாத்திரம் தேய்க்கச் சாம்பல் இல்லை. கத்தரிச் செடியில் பூச்சிக்குத் தூவச் சாம்பல் இல்லை. புகை இல்லாத தெருவில் கொசுக்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் போலக் கூடின. புகை எழுகிற வீட்டில் சோறு இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாய்ப் படித்து வைத்திருந்த காக்கைகள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் கீழத்தெருவுக்குப் போய்விட்டன.

பெரிய குறை மார்கழியில் தெரிந்தது. அன்றைக்கு அமிர்தவல்லி குடத்தை வாசலில் நங்கென்று வைத்தாள்.

"அண்ணி, இதை ஒரு வாய் குடிங்க."

தையல்நாயகி குடித்தாள். அவள் முகம் மாறியது.

"ரசத்துக்கு உப்புப் போட வேண்டாம் போல இருக்கே."

"சிரிக்காதீங்க. குளத்துத் தண்ணி இது."

ஓடையக்குடிக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் அந்தக் குளம்தான். கைப்பம்பு அடித்தால் ஏப்பம் விட்டது. யாரோ பீடி பற்றவைத்தபோது அதன் வாயில் தீ நின்றது. குளத்தங்கரையை ஒட்டி அமிர்தவல்லிக்கு இருந்த துண்டு வயலில், கதிர் வாங்க வேண்டிய சம்பா நுனி கருகி, வெளுத்துத் தலைசாய்ந்திருந்தது. அவளுடைய மருமகள் பிள்ளை பெற்று அப்போதுதான் வந்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் காய்ந்ததும் அதன் உடம்பெல்லாம் வெள்ளையாய்ப் பூத்தது.

மறுபடி ஜெயசீலன் வந்தார். அவரைத் தலைவர் வீட்டில் உட்காரவைத்துத் தெருவே சுற்றி நின்றது. அந்த வீடு அன்று அதிக உயரத்தில் இருந்ததால் அவர் ஏணி வைத்து ஏறியிருந்தார்.

"வாயு மேல வர வர, அது இருந்த இடம் காலியாவுது. காலி இடத்துக்குக் கடல் வருது" என்றார்.

"கடல் எங்கயோ இருக்கு தம்பி" என்றார் தலைவர்.

"மேல பாத்தா தூரம். அடியில பாத்தா பக்கம்."

"சரி, எரிக்காம விட்டுடறோம்."

"விட்டா வீடு போயிடும். வாயுவும் வெளியே போகும். எரிச்சா விறகைவிட நல்லது. எரிக்காம ஆகாசத்துல விட்டா விறகைவிட மோசம். பூமியைப் போர்வை மாதிரி போத்தி, வெயில் சூட்டை வெளியே விடாது. எரிச்சாலும் கொஞ்சம் போத்தத்தான் செய்யும்."

"இதென்ன கல்யாணம் பண்ணின மாதிரி இருக்கு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "வச்சிக்கவும் முடியல, விடவும் முடியல."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு எஞ்சினீயர் வழியைச் சொன்னார். வெடிப்பின் வாய் தையல்நாயகியின் வீட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. களிமண்ணைக் குழைத்து அதில் அப்பி, அந்த வீட்டின் முழுப் பாரமும் அதன் மேல் உட்கார்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அடியில் நிற்கிற வாயு முழுவதும் ஒரே மூச்சில் எரிந்து தீர வேண்டும். ஒரு அடுப்பால் ஆகாது. தெருவிலிருக்கும் எல்லா வீடும் அவள் வீட்டிலிருந்து குழாய் இழுத்து ஒரே நேரத்தில் எரிக்க வேண்டும்.

எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள்.

"அதுக்கப்புறம் என் அடுப்பு?"

"விறகுதாம்மா."

"என் நெஞ்சு?"

ஜெயசீலன் தன் தொப்பிக்குள் பார்த்தார். அமிர்தவல்லி மட்டும் பேசினாள். "அண்ணி, நீங்க மூச்சு விடுறது எனக்குச் சந்தோஷம்தான். இருமல் சத்தம் கேக்காம நானும் இப்பதான் தூங்குறேன். ஆனா அந்தப் புள்ளைக்கு என்னத்தை ஊத்தறது, சொல்லுங்க."

"குழாயைப் போடுங்க" என்றாள் தையல்நாயகி. "நான் ஒண்ணும் சொல்லல." சரி என்றும் அவள் சொல்லவில்லை.

தலைவர் நல்ல நாள் பார்த்தார். தை வெள்ளிக்கிழமையைவிட நல்ல நாள் ஏது? அங்கேதான் ஊர் தவறியது. பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ரப்பர் குழாய்கள் நீளம் போதாமல் ஒட்டுப் போட வேண்டியிருந்தது, களிமண் சரியாகக் குழையவில்லை, எஞ்சினீயரின் ஜீப் வழியில் நின்றுவிட்டது. எல்லா அடுப்பும் நீலமாய் எரிய ஆரம்பித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீடு பிடிவாதக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவது போல மெள்ள மெள்ள இறங்கி, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது, பொழுது இறங்கியது.

தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு வைத்தார்கள். வைத்ததும் ஒவ்வொரு வீடாக நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பும் நெருப்பும் வெளியே கொடுப்பதில்லை. கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள். கேட்பதும் இல்லை; கேட்டால் ஒரு வீட்டின் லட்சுமியைப் பறித்த பாவம். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. அவரவர் எழுந்துபோய், மிகுந்த மரியாதையோடு, தையல்நாயகி வீட்டுக் குழாயைத் தங்கள் அடுப்பிலிருந்து உருவி, நுனியில் துணியை அடைத்துத் தெருவில் வைத்தார்கள். எஞ்சினீயர் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு ஓடினார். "அய்யோ, எடுக்காதீங்க, இன்னும் கொஞ்சம்தான்!"

"நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி. இன்னைக்கு வெள்ளி" என்றார் தலைவர்.

உள்ளே தையல்நாயகியும் விளக்கை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு வால்வை மூடினாள். மூடியபோது அவள் மனதில் இருந்தது லட்சுமி மட்டும்தானா என்று அவளையே கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

எல்லா வீட்டுக்கும் இழுத்து வந்த வாயு, போக இடமில்லாமல் ஒரே வீட்டுக்கு அடியில் வந்து கூடியது. கயிறுகள் விறைத்தன. ஒன்று அறுந்தது, மற்றவையும் அறுந்தன. தையல்நாயகியின் வீடு, விளக்கோடும் கொப்பரைகளோடும் அவளோடும், தென்னை உயரம் போயிற்று. ரப்பர் குழாய்கள் ஆலம் விழுதுகளாய் அதன் அடியிலிருந்து தொங்கின. கீழே ஊர் முழுவதும் அண்ணாந்து நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தலைவர், யாரும் கேட்காமலே, "பட்டா செல்லும்" என்றார்.

மேலே அவளுக்குப் பயமாக இல்லை. அந்தி இன்னும் மிச்சமிருந்தது. சன்னலைத் திறந்தாள். அடுப்பு எரியாமலே, வால்வு திறக்காமலே, காற்று அவள் நெஞ்சுக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. இதுவரை தான் வாழ்ந்ததெல்லாம் ஒரு மூடிய கொப்பரைக்குள் என்று அவளுக்குத் தோன்றிற்று. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போதுதான் கீழே பார்த்தாள். கடல் தெரிந்தது. கடலிலிருந்து புறப்பட்டு, வயல்களுக்கு அடியில், தோல்வழியே தெரியும் நரம்புகளைப் போல, வெள்ளையாய் வரிகள் வந்துகொண்டிருந்தன. தரையில் நிற்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது. வரிகள் வாய்க்காலைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, குளத்தங்கரைவரை வந்திருந்தன. வீடு இன்னும் ஒரு முழம் ஏறியது. வரி ஒரு முழம் நகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வீடு ஏறியது, வரி நகர்ந்து, அமிர்தவல்லி வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"அண்ணி!"

அமிர்தவல்லி ஒரு குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் துணியை உருவி எறிந்திருந்தாள்.

"அண்ணி, அடுப்புப் பத்தவைக்க நெருப்பு வேணும். குடுங்க."

தெருவே மூச்சை இழுத்துக்கொண்டது. "ஏ அமிர்தம், இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி" என்றாள் ஒருத்தி.

"தெரியும். கேட்ட பாவம் எனக்கு இருக்கட்டும். அண்ணி, கேக்குதா? அப்படியே உப்பும் இருந்தா குடுங்க, ஊருல கொஞ்சம் குறைவா இருக்கு!"

மேலே தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று இத்தனை வருஷமாய் அடக்கிப் பழகிய சிரிப்பு, இப்போது தடையில்லாமல் வந்து, வீடு முழுவதும் நிறைந்தது. அதைக் கடைசிவரை சிரித்துத் தீர்த்தாள். பிறகு, காலி நெஞ்சோடு, வால்வின் மேல் கையை வைத்தாள். அது குளிர்ந்திருந்தது.

"புடிச்சிக்க அமிர்தம். குடுத்துட்டேன்" என்று திறந்தாள்.

அமிர்தவல்லியின் அடுப்பு எரிந்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி ஒரு குழாயை எடுத்தாள். பிறகு எல்லோரும். அன்று மேலத்தெருவில், விளக்கு வைத்த பிறகு, வீட்டுக்கு வீடு நெருப்பு கேட்டார்கள், வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். லட்சுமி அத்தனை வாசலிலும் மாறி மாறி ஏறி இறங்கிக் களைத்திருப்பாள். தையல்நாயகியின் வீடு இறங்கி, களிமண்ணின் மேல், பிரசவித்த பசு படுப்பதைப் போல ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. எல்லா அடுப்பிலும் நீலம் ஒரு முறை தாவி, மஞ்சளாகி, இல்லாமல் போயிற்று. மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாய் இறங்கின. தெரு முழுவதும் பாத்திரங்கள் ஒரு தரம் குலுங்கி அடங்கின.

அதற்குப் பிறகு வந்த முதல் முகூர்த்தத்துக்குத் தையல்நாயகி விறகு வாங்கினாள். மாசியில் இருமல் திரும்பி வந்தது. அமிர்தவல்லி அவளைக் கேட்காமலே விடியலில் வந்து கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்து, "நீங்க மாவைக் கரைச்சுக் குடுங்க, அது போதும்" என்று அவளை வெளியே துரத்தினாள். சில நாள் தையல்நாயகி போனாள். சில நாள், "உனக்குத் துணி விரிக்கவே தெரியல" என்று உள்ளே வந்து திட்டிக்கொண்டே புகையில் உட்கார்ந்தாள். ஜெயசீலன் எங்கோ வேறு வயலுக்கு மாற்றலாகிப் போனார்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குளம் நிறைந்தது. அது நிறைந்து தெளிகிறவரை அமிர்தவல்லி தினமும் கரையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துத் துப்பினாள். ஆவணியில் ஒரு நாள் துப்பாமல் எழுந்தாள். ஒரு சொம்பில் மொண்டுகொண்டு நேரே அண்ணி வீட்டுக்கு வந்தாள்.

"குடிங்க."

தையல்நாயகி சொம்பை வாங்கி அண்ணாந்தாள். பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமி முடிகிறவரை இருமினாள். அமிர்தவல்லி சொம்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"இரு, இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் அவள் மெதுவாகக் குடித்தாள்.